ஒரு ஃபிராங்க் கப்பல்

பழைய வண்டி வாங்கப் போனால் நாம் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனாவது ஓனர்?" அடுத்தது, "எவ்வளவு ஓடியிருக்கு?" லாரி வைத்துப் பிழைத்த என் பெரியப்பா இந்த இரண்டையும் கடைசியில்தான் கேட்பார். முதலில் அவர் கேட்பது, "இது இதுக்கு முன்னாடி என்ன லோடு அடிச்சது?" மணல் அடித்த வண்டிக்கு ஓர் உடம்பு, வைக்கோல் ஏற்றிய வண்டிக்கு வேறோர் உடம்பு என்பார். பெயின்ட் எத்தனை கோட்டு அடித்தாலும் அடிச்சட்டம் மறக்காதாம்.

1950இல் மத்தியதரைக் கடலில் ஒரு பிரெஞ்சுக்காரர் பழைய கப்பல் தேடிக்கொண்டிருந்தார். கடற்படை அதிகாரி, வயது நாற்பது, விடுப்பில் இருந்தார். மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பையன்கள். நால்வருக்குமே கடலுக்குள் இறங்கும் பித்து. குடும்பம் தங்க வேண்டும், நண்பர்கள் தங்க வேண்டும், நினைத்த இடத்தில் நின்று தண்ணீருக்குள் குதிக்க வேண்டும், அதற்கு ஒரு கப்பல். கையில் காசு கிடையாது. அவர் பெயர் ழாக் கூஸ்தோ. அவருக்கு அகப்பட்டது, மால்டாவில் கிடந்த ஒரு மரக்கப்பல். அது முன்னே என்ன லோடு அடித்தது என்று பார்த்தால்தான், அந்தப் பொருத்தம் எப்படி அமைந்தது என்பது விளங்கும்.

அமெரிக்காவின் வடமேற்கு மூலை, சியாட்டில் நகரத்தின் பாலர்ட் பகுதி. அங்கே 'பாலர்ட் மரைன் ரயில்வே' என்ற பட்டறையில் 1941 ஆகஸ்ட் 12 அன்று ஒரு கப்பலுக்கு ஏரா வைத்தார்கள். அமெரிக்கா அப்போது போரில் இறங்கவில்லை. கப்பல் பிரிட்டனுக்காக. பெயர் கிடையாது, பி.ஒய்.எம்.எஸ்-26 என்ற எண் மட்டும். வேலை, கண்ணிவெடி வாருவது.

ஜெர்மன்காரர்கள் கடலடியில் போட்டுவைத்த காந்தக் கண்ணிவெடி கப்பலைத் தொட்டால் வெடிக்கும் சாதனம் அல்ல. இரும்புக் கப்பல் என்பதே ஒரு பெரிய, வலுக்குறைந்த காந்தம். அது மேலே போகும்போது கீழே தரையில் கிடக்கும் வெடிக்குள் காந்தப்புலம் மாறும், மின்சுற்று மூடும், வெடிக்கும். அந்த வெடியை வாரப் போகிற கப்பலே இரும்பாக இருந்தால் எப்படி? ஆகவே மரம். பசிபிக் கரைக் காடுகளில் வெட்டிய ஆரிகன் பைன். அமெரிக்காவில் இந்த வகைக் கப்பல்களைப் பெரிய இரும்புத் தளங்களை விடச் சின்னச் சின்ன பட்டறைகளில்தான் நூற்றுக்கணக்கில் கட்டினார்கள். மீன்பிடிப் படகும் உல்லாசப் படகும் கட்டிப் பழகிய தச்சர்கள் வங்கு வளைத்து, பலகை அடித்து, இணைப்புகளில் கலப்பத்து அடித்துக் கொடுத்தார்கள். போர் முடியும்வரை மிதந்தால் சரி என்ற கணக்கில் கட்டிய கப்பல்கள் என்றே நினைக்கிறேன். எழுபது, எண்பது வருஷத்துக்கு யார் கணக்குப் போட்டிருப்பார்கள்?

1942 மார்ச் 21 அன்று தண்ணீரில் இறங்கியது. நீளம் சுமார் 42 மீட்டர், அகலம் ஏழரை மீட்டருக்குச் சற்று மேல். தண்ணீருக்குள் அமிழ்வது மூன்று மீட்டர்தான். எட்டு சிலிண்டர் ஜெனரல் மோட்டார்ஸ் டீசல் எஞ்சின் இரண்டு, இரண்டுக்கும் தனித்தனி சுழலி. வேகம் மணிக்குப் பத்தரைக் கடல் மைல். 1943 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்து மால்டாவைத் தளமாகக்கொண்டு வேலை பார்த்தது. போர் முடிந்ததும் ஓரமாகக் கட்டினார்கள். 1947இல் பட்டியலிலிருந்து பெயரை அடித்தார்கள். பெயர்தான் இல்லையே, எண்ணை அடித்தார்கள்.

பெயர் வந்தது அடுத்த பிழைப்பில். மால்டாவின் வட முனையில் மார்ஃபா. எதிரே கோஸோ தீவு. நடுவில் ஒரு துண்டுக் கடல். 1949 மே மாதம் முதல் அந்தக் கடலைக் கடக்கும் படகாக, ஆளையும் தபாலையும் ஏற்றிக்கொண்டு போய்வந்தது. கிரேக்கக் காவிய நாயகன் ஒடிஸியஸைத் தன் தீவில் ஏழு ஆண்டு பிடித்துவைத்த தேவதை கலிப்ஸோ வாழ்ந்தது கோஸோவில்தான் என்று அந்த ஊரார் சொல்வார்கள். அதனால் கப்பலுக்குக் 'கலிப்ஸோ' என்று பெயர் வைத்தார்கள். சில மாதங்களில் அந்தப் பிழைப்பும் முடிந்தது. கட்டிப்போட்டார்கள்.

கூஸ்தோ பார்த்தபோது அதன் நிலை இதுதான்: போர்க்கப்பலாக ஓய்வு, படகாகத் தோல்வி. ஆனால் கண்ணிவெடி வாரியாக இருந்ததால் அமைந்த உடம்பைப் பாருங்கள். வாரும் கம்பிகளைப் பின்னால் இழுத்துக்கொண்டு போக வேண்டும் என்பதால் பின்தளம் அகலமாக, ஒன்றும் இல்லாமல், தண்ணீருக்குப் பக்கத்தில் தாழ்ந்து இருக்கிறது. முக்குளிப்பவர் இறங்கி ஏற வேறென்ன வேண்டும்? கோடு பிசகாமல் ஊர்ந்து போக வேண்டும் என்பதற்காக வைத்த இரட்டைச் சுழலியால், பவளப்பாறைக்கு நடுவே கப்பலை நின்ற இடத்திலேயே திருப்பலாம். மூன்று மீட்டர்தான் அமிழும் என்பதால், மற்ற கப்பல் தலைகாட்டாத இடத்துக்குள் நுழையலாம். முப்பது பேர் படுத்த இடம் இருக்கிறது. கம்பி இழுக்கப் போட்ட எஞ்சினுக்கு இழுவைச் சக்தி மிச்சம். புதிதாக ஒரு குடும்பக் கப்பல் வரையச் சொல்லியிருந்தால் எந்த வரைபடக்காரரும் இப்படி வரைந்திருக்க மாட்டார். நாற்காலி போட இடம், சூரியக் குளியலுக்கு இடம், அழகாக வளைந்த மூக்கு என்று வரைந்திருப்பார். பெரியப்பாவின் கேள்விக்கு இதைவிட நல்ல பதிலை நான் பார்த்ததில்லை.

காசுக்கு என்ன செய்தார்? லோயல் கின்னஸ் என்ற பிரிட்டிஷ் செல்வந்தர், முன்னாள் எம்.பி., 1950 ஜூலையில் கப்பலை வாங்கி, வருஷத்துக்கு ஒரு ஃபிராங்க் வாடகைக்குக் கூஸ்தோவிடம் கொடுத்தார். இரண்டு நிபந்தனை. இனிமேல் என்னிடம் காசு கேட்கக் கூடாது. என் பெயரை வெளியே சொல்லக் கூடாது. இப்படி ஒரு புரவலர் நமக்கும் வாய்க்க மாட்டாரா என்று தோன்றும். ஆனால் யானையை இனாமாகக் கொடுத்தாலும் கட்டித் தீனி போடுவது யார்? மரக்கப்பலின் விலையே வேறு, செலவே வேறு. வருஷத்துக்கு ஒருமுறை கரை ஏற்ற வேண்டும், அடி சுரண்ட வேண்டும், கலப்பத்து பார்க்க வேண்டும், உளுத்த பலகையைப் பெயர்த்து வேறு பலகை அடிக்க வேண்டும். எஞ்சின் இரண்டு என்றால் எண்ணெயும் இரண்டு மடங்கு. கூஸ்தோவின் மனைவி சிமோன், குடும்ப நகையையும் ஃபர் கோட்டையும் விற்று எரிபொருளும் திசைகாட்டியும் வாங்கிக் கொடுத்தார் என்று சொல்வார்கள்.

தென் பிரான்சின் ஆன்டீப் நகரத்துப் பட்டறையில் கப்பலை மாற்றிக் கட்டினார்கள். செய்த மாற்றங்களில் இரண்டு எனக்குப் பிடித்தவை. ஒன்று, 'பொய் மூக்கு'. அணியத்துக்கு முன்னால் மேலிருந்து கீழே ஓர் இரும்புக் குழாயை இறக்கி, அது முடியும் இடத்தில், நீர்மட்டத்துக்குக் கீழே, கண்ணாடி ஜன்னல்கள் வைத்த சிறிய அறை ஒன்றைக் கட்டினார்கள். குழாய்க்குள் ஏணி. ஒரு ஆள் இறங்கினால் திரும்பிப் படுக்கத்தான் இடம், நிற்க இடமில்லை. குப்புறப் படுத்து முகத்தைக் கண்ணாடியில் வைத்தால், கப்பல் ஓடிக்கொண்டிருக்கும்போதே முன்னால் வரும் கடல் முழுக்கத் தெரியும். கப்பலின் மூக்குக்கு முன்னே ஓங்கில்கள் விளையாடி வருமே, அதை மேலிருந்து எட்டிப் பார்த்திருப்போம். இந்த அறையில் படுத்தவர் அவற்றோடு ஒரே மட்டத்தில், ஒரு கை தூரத்தில் போவார்.

இன்னொன்று, சமையலறைப் பக்கம் கப்பலின் அடியை அறுத்து உள்ளேயிருந்தே கடலுக்குள் இறங்குவதற்குப் போட்ட கிணறு. அடியில் ஓட்டை போட்டால் கப்பல் மூழ்காதா என்று கேட்கலாம். கிணற்றின் சுவர் நீர்மட்டத்துக்கு மேலே வரை உயர்ந்திருப்பதால் தண்ணீர் அதற்குள் வெளிமட்டம் வரை ஏறி நிற்கும், அவ்வளவுதான். கப்பலின் நடுப்பகுதி அலையில் குறைவாக ஆடும். காற்றடிக்கும் நாளிலும் ஒருவர் நிதானமாக இறங்கலாம். நடுங்கிக்கொண்டு ஏறி வருகிறவருக்கு அடுப்புச் சூடு பக்கத்திலேயே. இதைப் போட்டவர்களுக்குக் கடலும் தெரியும், பசியும் தெரியும்.

முக்குளிக்கும் சாதனமும் சொந்தச் சரக்கு. 1943இல், ஜெர்மன் ஆக்கிரமிப்பில் பெட்ரோல் கிடைக்காத பிரான்சில், கார்களை எரிவாயுவில் ஓட்டுவதற்காக எமில் கான்யான் என்ற பொறியாளர் ஒரு வால்வு செய்திருந்தார். எஞ்சின் இழுக்கும்போது மட்டும் வாயு விடும் வால்வு. அதையே மனிதன் மூச்சிழுக்கும்போது மட்டும் காற்று விடும்படி கூஸ்தோவும் அவரும் மாற்றினார்கள். அக்வாலங் பிறந்தது அப்படித்தான். கான்யான் வேலை பார்த்த வாயு நிறுவனத்தில் சிமோனின் அப்பா உயர்ந்த பதவியில் இருந்ததால்தான் இருவரும் சந்தித்தார்கள். மாமனார் செல்வாக்கில் எழுந்த உலகச் சாதனை என்று இதையும் பட்டியலில் சேர்க்கலாம். மூத்த மகன் ழான் மிஷேலின் முதுகில் ஏழு வயதிலேயே அந்தச் சிலிண்டரை ஏற்றிவிட்டார்கள்.

1951 நவம்பர் 24 அன்று கலிப்ஸோ துலோன் துறைமுகத்திலிருந்து செங்கடலுக்குப் புறப்பட்டது. ஃபராஸான் பக்கத்துப் பவளத்திட்டுகளில் வேலை. அடுத்த வருஷம் மார்செய் அருகே கிராண்ட் கோங்லுவே பாறையடியில் ரோமானியர் காலத்துக் கப்பல் சேதம். ஆயிரக்கணக்கான மதுச் சாடிகளை அள்ளினார்கள். அங்கே முக்குளித்தவர் ஒருவர் உயிரையும் விட்டார். கீழே கிடந்தது ஒரு கப்பலா, ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கப்பலா என்று தொல்லியலாளர்கள் வெகுகாலம் சண்டை போட்டார்கள். இரண்டுதான்.

1954இல் போன இடம் பாரசீக வளைகுடா. இதைக் கலிப்ஸோவின் புகழ் பாடுகிறவர்கள் அடக்கி வாசிப்பார்கள். எண்ணெய்க் கம்பெனிக்காகக் கடலடிப் பாறையை உடைத்து மாதிரி எடுத்துக் கொடுக்கும் கூலி வேலை. அபுதாபிக் கடலில் சம்மட்டியும் உளியுமாகக் கீழே இறங்கினார்கள். நாலு வருஷம் கழித்து, 1958இல், அந்தக் கடலில் உம் ஷைஃப் எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டது. நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் விசா எடுத்துப் போன அபுதாபியின் தொடக்கக் கதையில் இந்தக் கப்பலுக்கும் ஒரு வரி உண்டு. கடலைக் காப்பாற்றச் சொன்ன கப்பலுக்கு டீசல் போட்டது எண்ணெய்க் காசு. தீனி போட வேறு வழி தெரியாதவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

குறை சொல்ல வேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது. 1955இல் செங்கடல், வளைகுடா, இந்தியப் பெருங்கடல் என்று சுற்றி எடுத்த படம் 'மௌன உலகம்'. உடன் இயக்கியவர் இருபத்து மூன்றே வயதான லூயி மால். 1956இல் கான் விழாவின் தங்கப் பனை, அடுத்து ஆஸ்கர். அந்தப் படத்தைக் கல்லூரி நாளில் ஃபிலிம் சொசைட்டியில் பார்த்தேன். நடுவில் எழுந்து போகத் தோன்றியது. திமிங்கிலக் கூட்டத்துக்குள் கப்பல் போகிறது. ஒரு குட்டி சுழலியில் அடிபடுகிறது. ரத்தம். துன்பம் தீரட்டும் என்று சுட்டுக் கொல்கிறார்கள், அதுவரை சரி. ரத்த வாடைக்குச் சுறாக்கள் வந்து தின்னத் தொடங்கியதும் அத்தனை ஆண்களுக்கும் வெறி ஏறுகிறது. கையில் அகப்பட்ட கோடாரியும் கொக்கியுமாகச் சுறாக்களைத் தளத்துக்கு இழுத்துப் போட்டு அடித்துக் கொல்கிறார்கள். எந்தப் பின்தளம் முக்குளிப்பவருக்கு அவ்வளவு வாகு என்று மேலே சொன்னேனோ, அதே தளம். இன்னொரு காட்சியில் பாறைத்திட்டில் வெடிவைத்துச் செத்த மீனை எண்ணுகிறார்கள், ஆராய்ச்சியாம். சில வருஷங்களில் அதே ஆள்தான் கடலின் வக்கீலாக நின்றார். 1960இல் மத்தியதரைக் கடலில் அணுக்கழிவு கொட்டும் திட்டத்தை எதிர்த்தார். மாறினார் என்பது உண்மை. ஆனால் படச்சுருளில் இருப்பதும் இருக்கிறது. அவர் அதை மறைக்காமல் விட்டதே நல்லது.

பிறகு நடந்தவை பலரும் அறிந்தவை, விரைவாகச் சொல்கிறேன். 1959இல் பின்தளத்திலிருந்து இறக்கும் 'மூழ்கு தட்டு' என்ற சிறிய நீர்மூழ்கி வந்தது. 1963இல் சூடான் கரைக்கு அப்பால், பத்து மீட்டர் ஆழத்தில் வீடு கட்டி ஆட்கள் ஒரு மாதம் குடியிருந்தார்கள். 1968 முதல் தொலைக்காட்சித் தொடர், சிவப்புத் தொப்பி, உலகப் புகழ். 1972-73 அன்டார்க்டிகா. ஹெலிகாப்டர் விசிறியில் மாட்டி ஊழியர் ஒருவர் இறந்தார். பனிக்கட்டி மரத்தைச் சிராய்த்தது. 1975இல் ஏஜியன் கடலில் டைட்டானிக்கின் தங்கைக் கப்பலான பிரிட்டானிக்கைக் கண்டுபிடித்தார்கள். அதே வருஷம் ஜான் டென்வர் கலிப்ஸோ பெயரிலேயே ஒரு பாட்டுப் போட்டார். எண்பதுகளில் அமேசான்.

இந்தப் பட்டியல் முழுக்க யார் கப்பலில் இருந்தார் என்று பார்த்தால், கூஸ்தோ அல்ல. அவர் பாதி நாள் விமானத்தில்: காசு தேட, பேச, படம் விற்க. கலிப்ஸோவில் அவரைவிட அதிக நாள் இருந்தவர் சிமோன். கேமரா பக்கம் வரவே மாட்டார். அவ்வளவு படங்களிலும் அவர் முகம் தேடினால் கிடைப்பது அரிது. இருபது முப்பது ஆண்களுக்குச் சாப்பாடு, காயத்துக்கு மருந்து, சண்டைக்குத் தீர்ப்பு எல்லாம் அவர்தான். மாலுமிகள் அவருக்கு வைத்த பெயர் 'லா பெர்ஜேர்', ஆடு மேய்ப்பவள். குடும்பத்துக்குக் கப்பல் வாங்கினால் அதில் வாழ்வது யார் என்ற கேள்வியை வாங்கும்போது யாரும் கேட்பதில்லை. இளைய மகன் ஃபிலிப் 1979 ஜூன் 28 அன்று லிஸ்பன் அருகே தேகுஸ் ஆற்றில் விமான விபத்தில் போனார். சிமோன் 1990இல் போனார். சாம்பலைக் கடலில் கரைத்தார்கள். அடுத்த வருஷமே கூஸ்தோ மறுமணம் செய்துகொண்டார்.

1996 ஜனவரி 8. கப்பல் சிங்கப்பூர் துறைமுகத்தில் கட்டிக் கிடந்தது. ஒரு பார்ஜ் வந்து மோதியது. அன்டார்க்டிகா பனியும் செங்கடல் பாறையும் செய்யாததை, துறைமுகத்துக்குள் ஒரு சரக்கு மிதவை செய்தது. மூழ்கிவிட்டது. எட்டு நாள் கழித்து, 16ஆம் தேதி, பெரிய கிரேன் வைத்துத் தூக்கி, ஓட்டையை அடைத்து, தண்ணீரை இறைத்தார்கள். அடுத்த வருஷம் ஜூன் 25 அன்று கூஸ்தோ இறந்தார்.

அதற்குப் பிறகுதான் அந்த ஒரு ஃபிராங்க் காகிதம் வேலையைக் காட்டியது. கப்பலைப் பிரான்சுக்குக் கொண்டுவந்து 1998இல் லா ரோஷெல் அருங்காட்சியகத் துறையில் கட்டினார்கள். இது யாருடையது? வாங்கிக் கொடுத்த கின்னஸின் பேரனுடையதா, இரண்டாம் மனைவி நடத்தும் கூஸ்தோ அமைப்புடையதா? சொத்துத் தகராறு உள்ள வீட்டுக்கு யார் ஓடு மாற்றுவார்? வழக்கு நடந்த அத்தனை வருஷமும் மழை நின்றதா? உப்பு நீரைவிட மரக்கப்பலின் தளத்தைக் கெடுப்பது அதில் தேங்கும் மழைநீர். உப்பு மரத்தை ஓரளவு காக்கும், நன்னீர் உளுக்க வைக்கும். ஓடிக்கொண்டிருந்த கப்பலின் தளம் நாள்தோறும் கடல் நீரால் கழுவப்பட்டது. கட்டிப்போட்ட கப்பலுக்கு அந்தக் குளியல் இல்லை.

கடைசியில் கூஸ்தோ அமைப்பின் கைக்கு வந்து, 2007 அக்டோபரில் பிரான்சின் பிரித்தானிப் பகுதிக் கரையில் உள்ள கொங்கர்னோ பட்டறைக்குப் போனது. பழுத்த பலகைகளைப் பெயர்த்தார்கள். 2009இல் பணத் தகராறில் வேலை நின்றது. எலும்புக்கூடாக ஒரு கொட்டகையில் கிடந்தது. பிறகு நீதிமன்றம், கப்பலை எடுத்துப் போங்கள் என்றது. 2016இல் இன்னொரு கப்பலின் மேல் ஏற்றித் துருக்கிக்குக் கொண்டுபோனார்கள்.

கலிப்ஸோவுக்கு ஒரு சகோதரி உண்டு. அதே பாலர்ட் பட்டறை, அதே போர்க்காலம், அதே வகைக் கண்ணிவெடி வாரி. எண் ஒய்.எம்.எஸ்-328. போருக்குப் பின் உல்லாசக் கப்பலாக மாறி, 1962இல் ஹாலிவுட் நடிகர் ஜான் வெயின் கைக்கு வந்தது. பெயர் 'வைல்டு கூஸ்'. ஆறடி நாலு அங்குல ஆள் என்பதால் தலை இடிக்காமல் இருக்க உள்கூரையை உயர்த்தச் செய்தார். பிள்ளைகளோடு மெக்சிகோ, அலாஸ்கா என்று சுற்றினார். 1979இல் சாகும் தறுவாயில்தான் கைவிட்டார். அதன் அடியை அறுத்துக் கிணறு வெட்டவில்லை, மூக்கு ஒட்டவில்லை, எண்ணெய் தேடப் போகவில்லை. கலிஃபோர்னியாவில் விருந்துக்கும் கல்யாணத்துக்கும் வாடகைக்குப் போய்வந்துகொண்டே இருந்தது. வாடகைக் காசில் பராமரிப்பும் நடந்தது. 2011இல் அமெரிக்க அரசின் வரலாற்றுச் சின்னப் பட்டியலிலும் சேர்த்துவிட்டார்கள்.

துருக்கியில் கலிப்ஸோவுக்குப் புதுப் பலகை அடிக்கத் தொடங்கினார்கள். 2017 செப்டம்பரில் அந்தப் பட்டறையில் தீப்பிடித்து, கப்பலின் ஒரு பகுதியும் எரிந்தது. 1941இல் சியாட்டிலில் அறுத்த மரத்தில் எவ்வளவு இன்னும் அதில் மிச்சம் என்பது, கரியைச் சுரண்டிப் பார்த்த தச்சர்களுக்குத்தான் தெரியும்.